ஸ்கூடாயில் மேப்பிளுக்கு ஓர் இடம்

கீழே கொண்டுபோனால் செத்துவிடும் என்று நாற்றுப்பண்ணைக்கார அம்மா மலாயில் சொன்ன அந்த நொடியில்தான் எனக்கு யோசனை வந்தது. வேலையிடத்து நண்பர்களோடு வேன் எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போயிருந்தோம். மற்றவர்கள் ஸ்ட்ராபெரியும் சோளமும் வாங்கப் போய்விட்டார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் கூரைக்கு அடியில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஜப்பானிய மேப்பிள் கன்றுகளின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். விரல்களை அகல விரித்த குழந்தைக் கை மாதிரி இலை. வெளியே பனிமூட்டம், உள்ளே அந்தச் சிவப்பு. எந்த ஊர் என்று அந்த அம்மா கேட்டார். ஜொகூர் என்றேன். சிரித்தார். ஜொகூரில் அது வெந்துபோகும், வேண்டுமானால் ரோஜா வாங்கிக்கொள் என்றார்.

நான் வேலை செய்வது செடெனாக்கில், ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் பிரிவில். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அந்தப் பெரிய கட்டடம் முழுவதும் ஜில்லென்று இருக்கும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. கணினிகள் மூச்சை இழுக்கும் பக்கம் ஒரு குளிர்ந்த சந்து, மூச்சை விடும் பக்கம் ஒரு சூடான சந்து. சூடு எந்த வழியாகப் போக வேண்டும் என்று வழி வகுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. முழுக் கட்டடத்தையும் குளிர வைக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. அப்படியென்றால் இந்த மரத்துக்காக ஜொகூரையே குளிர வைக்க வேண்டாமே என்று தோன்றியது. சூடு வந்து தங்காத ஒரு முழ இடம் கிடைத்தால் போதும். எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லாமலா போய்விடும்?

மூன்று கன்றுகள் வாங்கினேன். ஒன்று பழுதானால் ஓட இன்னொன்று வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். வேனில் மடியில் ஒன்றும் கால்களுக்கு இடையில் இரண்டுமாக ஜொகூர் வரை வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவன் வழியெல்லாம் என்னை மணப்பெண்ணின் தோழி என்று கிண்டல் செய்தான்.

வீட்டில் வேறொரு திட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஸ்கூடாயில் எங்களுடையது வரிசை வீடு, வரிசையின் கடைசி. முன்பக்கம் கிழக்குப் பார்த்தது. அப்பா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டுகிறார். கூரைக்கு அடியில் அந்த வேன் நிற்கும். தம்பி பாசிர் கூடாங்கில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, புதிதாகக் கார் எடுத்திருந்தான். அது தெருவில் நின்று மற்ற கார்களிடம் கீறல் வாங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில், வடக்கு மூலையில், ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண் இருந்தது. எங்கள் வரிசையில் சிமெண்டு பூசாமல் மிச்சம் இருந்த மண் அது ஒன்றுதான். அதையும் பூசிவிட்டால் வேனும் காரும் ஒட்டி நிற்கலாம். டைல்ஸ் பெட்டிகள் வந்து பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் அடுக்கியாகிவிட்டது.

அப்பா என் கன்றுகளைப் பார்த்தார். மூன்று நாள் தாங்குமா என்று கேட்டார். எனக்கு ஒரு வருடம் வேண்டும் என்றேன்.

"ஒரு வருஷமெல்லாம் முடியாது. தீபாவளி வரைக்கும் தர்றேன்," என்றார் அப்பா. "தீபாவளிக்கு அது தளிரு விட்டு நின்னுச்சுன்னா மண்ணு இருக்கட்டும். இல்லன்னா மறுநாளே கான்ட்ராக்டரு வந்துருவாரு. அழக் கூடாது."

"அக்கா அழாதுப்பா, பேசியே கொல்லும்," என்றான் தம்பி.

முதல் கன்றை அவசரத்தில் இழந்தேன். ஒதுக்குப்புறமான, காற்று அடிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள் என்று நான் படித்த எல்லாக் குறிப்புகளும் சொல்லின. எங்கள் வீட்டில் ஒதுக்குப்புறம் என்றால் பின்பக்கம், சமையலறைச் சுவர் ஓரம். குளிர்நாட்டில் எழுதிய குறிப்புகளுக்கு மேற்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும்? மதியத்திலிருந்து வெயில் குடிக்கும் அந்தச் சுவரில், மாலைப் பாங்கு கேட்கும் நேரத்தில் கை வைத்தாலும் சுடும். போதாததற்கு ஏர்கான் பெட்டி வேறு அங்கேதான் அனலைத் துப்பிக்கொண்டிருந்தது. சூட்டுச்சந்து எது என்று தினமும் வேலையில் பார்க்கிற நான், என் வீட்டுச் சூட்டுச்சந்தின் நடுவில் கொண்டுபோய்க் கன்றை வைத்திருக்கிறேன். இலைகள் அப்பளம் மாதிரி மடிந்து, தொட்டால் நொறுங்கின.

அதன்பிறகுதான் ஒழுங்காக அளக்க ஆரம்பித்தேன். ஒரு விடுமுறை நாளில் சுண்ணாம்புக் கட்டி எடுத்துக்கொண்டு, வீட்டின் நிழல் முன்பக்கச் சிமெண்டில் எங்கே விழுகிறதோ அந்த ஓரத்தில் மணிக்கு ஒருமுறை கோடு போட்டேன். சாயங்காலம் அம்மா வெளியே வந்து, யார் இவ்வளவு கோணலாகக் கோலம் போட்டது என்று கேட்டார். கோணலோ நேரோ, விடை அதில் இருந்தது. வடக்கு மூலை மண்ணுக்குக் காலை வெயில் முழுதாகக் கிடைக்கிறது; உச்சி தாண்டியதும் வீடு அதன்மேல் நிழல் விரிக்கிறது. மேப்பிளுக்கு வேண்டியது அதுதான். அப்பா டைல்ஸ் போட நினைத்த அதே இடம். எனக்கு வேறு எங்கே கிடைக்கும்?

இரண்டாவது கன்றை அங்கே நட்டேன். மண்வெட்டி ஒரு சாண் இறங்கியதுமே செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி, யாரோ கட்டடக்காரர் குடித்துப் போட்ட டின். அதற்குக் கீழே செம்மண் களி. வெயிலில் செங்கல், மழையில் சோப்பு. நான் அந்தக் களியில் அழகாக ஒரு குழி வெட்டி, நடுவில் கன்றை வைத்து, நல்ல கருமண் போட்டு மூடினேன். அது மழை மாதம். சுற்றிலும் களி, நடுவில் பொலபொலப்பான மண் என்றால் தண்ணீர் எங்கே போகும்? நான் வெட்டியது குழியில்லை, குளியல் தொட்டி. இலைகள் பச்சையாக இருக்கும்போதே தொங்கின. பிடுங்கிப் பார்த்தால் வேரில் சாக்கடை வாடை.

அப்பா அதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனார். டைல்ஸ் பெட்டிகளின் மேல் ஒரு பழைய தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். நனையக் கூடாதாம்.

மூன்றாவது கன்றுக்கு நான் அவசரப்படவில்லை. குழியே வேண்டாம் என்று முடிவு செய்தேன். களிக்கு மேலேயே செங்கல் அடுக்கி, முழங்கால் உயரத்துக்குப் பாத்தி கட்டினேன். நாற்றுப்பண்ணைகளில் நம் ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் வாங்கும் சுட்ட மண்ணை ஒதுக்கினேன். அதில் சாம்பல் கலந்திருக்கும், மேப்பிளுக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும். கழுவிய ஆற்று மணல், பொடித்த மரப்பட்டை, தேங்காய் மட்டைத் துண்டு, போன்சாய்க் கடையில் விற்கும் எரிமலைக் கல் பொடி, அதோடு கொஞ்சமே கொஞ்சம் மக்கிய எரு. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் நான் வாளியைக் கீழே வைப்பதற்குள் அடியில் வந்துவிட வேண்டும். வந்தது. செங்கல் வரம்புக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, மண் இறுகிவிடும் என்று வீட்டில் சட்டம் போட்டேன். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டான்.

கன்று பிடித்துக்கொண்டது. பங்குனி வாக்கில் கொழுந்து வந்தது, ஜோடி ஜோடியாக, ஈரமான சிவப்பில். சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள் கேட்டில் நின்று படம் எடுத்தார்கள். எதிர்வீட்டுச் சீன அங்கிள் இது அசல்தானா என்று இலையை நிமிண்டிப் பார்த்தார். அம்மா ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக் களைத்துப்போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மே மாதம் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின.

காரணத்தைக் கண்டுபிடித்தபோது என்னையே நொந்துகொண்டேன். நான் சுண்ணாம்புக் கோடு போட்டது ஜனவரியில். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருந்தது. வீட்டு நிழல் வடக்கு மூலையில் விழுந்தது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். ஆண்டின் நடுவில் சூரியன் வடக்கே வந்துவிடுகிறது. எங்கள் வீடு வரிசையின் கடைசி என்பதால் அந்தப் பக்கம் தடுக்க ஒன்றுமில்லை. பிற்பகல் வெயில் மூலையைச் சுற்றிக்கொண்டு வந்து நேராகப் பாத்தியில் விழுகிறது. குளிர்நாட்டில் வடக்குப் பக்கம் என்றால் எப்போதும் நிழல். இங்கே நிழல் அரை வருடம் ஒரு பக்கம், அரை வருடம் மறுபக்கம் குடியிருக்கிறது. தம்பி வேலையிலிருந்து வந்த களைப்போடு வேலியில் ஏறி, காய்கறித் தோட்டத்துக் கறுப்பு வலையைக் கட்டிக் கொடுத்தான். அந்த வேலியில் ஏறியபடியே தன் காருக்கும் ஒரு வலை கட்டச் சொல்லிக் கேட்டான்.

வலை கட்டிய பிறகு கருகல் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வேகமாயிற்று. புது இலை விரியும்போதே ஓரம் பழுப்பாக, எரிந்த காகிதம் மாதிரி. வெப்பம் பார்த்தேன், சரி. காற்று சரி. தண்ணீர் வடிகிறது. செங்கல்லில் மட்டும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. சிமெண்டுச் சாந்து கக்குகிறது என்று விட்டுவிட்டேன். தீபாவளி நெருங்க நெருங்க இலை குறைந்துகொண்டே வந்தது. அப்பா தினமும் காலையில் வேனைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்ப்பார். கான்ட்ராக்டரிடம் நாள் கேட்டிருக்கிறார் என்று தம்பி ரகசியமாகச் சொன்னான்.

எங்கள் மையத்தில் குளிர்விக்கும் தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றி ஆவியாவதால் அதில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்க்க பேனா அளவில் ஒரு கருவி உண்டு. நுனியைத் தண்ணீரில் நனைத்தால் எண் காட்டும். என்னிடம் சொந்தமாக ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு யோசனை ஒன்றும் ஓடாமல், பாத்திக்கு அடியில் வடிந்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து அதில் கருவியை வைத்தேன். எண் ஏறியது. நிற்கவே இல்லை. வேலையில் அப்படி ஓர் எண் வந்தால் தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட வேண்டும்.

மணல்காரர் கடற்கரை மணலைத் தந்துவிட்டார் என்று நினைத்தேன். மூட்டையில் மிச்சமிருந்த மணலைக் கழுவி அளந்தேன். சுத்தம். குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர், எரு, எல்லாம் அளந்தேன். எல்லாம் சுத்தம். என் மரம் உப்பில் நிற்கிறது, உப்பு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாறியதால் பொழுது சாயும்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன். வழக்கமாக அந்த நேரத்தில் செடெனாக்குக்கும் ஸ்கூடாய்க்கும் நடுவில் ஏதாவது ஒரு லாரியின் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். கேட்டைத் திறந்தால், சாமி விளக்கு ஏற்றிய கையோடு அம்மா பாத்தியின் முன்னால் நிற்கிறார். வலது கையில் கல்லுப்பு, காய்ந்த மிளகாய், கடுகு. மரத்தை இடமிருந்து வலமாகச் சுற்றுகிறார், உதடு முணுமுணுக்கிறது.

"என்னம்மா செய்றீங்க?"

"பேசாத. முடியட்டும்."

முடித்தார். மிளகாயையும் கடுகையும் தனியாகத் தட்டில் எடுத்து வைத்தார். உப்பைச் செம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். கலக்கி, குனிந்து, பதமாக, மரத்தின் தூரில் ஊற்றினார்.

எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன்.

"இலை கருக ஆரம்பிச்சதுல இருந்து. செவ்வா, வெள்ளி. ஊரே வந்து பாத்து ஆஹா ஓஹோங்குது, படம் புடிக்குது. பச்சப் புள்ளைக்கே ஆகாது, இது செடி. மொத ஒரு கைதான் போட்டேன். கேக்கல. மொளகாய அடுப்புல போட்டா நெடியே வர மாட்டேங்குது, அவ்வளவு கண்ணு. அப்புறம் ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டேன்."

"அத ஏம்மா இங்க ஊத்துறீங்க?"

"சுத்துன உப்பு யாரு காலுலயும் படக் கூடாது. இந்த வீட்டுல கால் படாத எடம் இது ஒண்ணுதான? நீதான யாரும் மிதிக்கக் கூடாதுன்னு சொன்ன."

செங்கல் வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். மே மாதத்து வெயில் கொஞ்சம் கருக்கியது. கருகலைப் பார்த்து அம்மா உப்புச் சுற்றினார். உப்பு வேருக்குப் போய் இன்னும் கருக்கியது. அதைப் பார்த்து இன்னும் உப்பு. நான் என் கருவியில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா அடுப்பில் நெடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருமே அந்த மரம் பிழைக்க வேண்டும் என்றுதான் பார்த்தோம்.

கருவியை எடுத்து வந்து செம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் நனைத்துக் காட்டினேன். பிறகு பாத்தியில் வடிந்த தண்ணீரில். அம்மா எண்களைப் படிக்கவில்லை. என் முகத்தைத்தான் படித்தார். மிளகாய்த் தட்டைக் கீழே வைத்தார்.

"நானா?" என்றார்.

உங்களுக்கு முன்னால் வெயில், அதற்கு முன்னால் நான் என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்போதுதான் சொன்னார், அந்த மண்ணைப் பூச வேண்டாம் என்று அவரும் கல்யாண நாளிலிருந்து அப்பாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார் என்று. முன்னால் ஒரு கைப்பிடி மண் இல்லாத வீட்டில் விளக்கு வைக்கவே தனக்கு என்னமோ போல இருக்கிறது என்றார். எனக்கு அது புதுச் செய்தி. இத்தனை நாளும் அது என் மண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுற்றுவதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரே ஒரு வழி சொன்னார். "சுத்துறத விட மாட்டேன். ஊத்துற எடத்த மாத்திக்கிறேன். லோங்காங்குல ஊத்துனா கால் படாது." கேட்டுக்கு வெளியே ஓடும் சாக்கடையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒப்பந்தம் முடிந்தது.

அன்றிலிருந்து மழைத் தண்ணீருக்கு அலைந்தோம். கூரையில் வழியும் தண்ணீரைப் பிடிக்க அம்மா வீட்டிலிருந்த அண்டா குண்டான் எல்லாவற்றையும் வெளியே வைத்தார். கன்றைத் தோண்டி, வேரைக் கழுவி, புதுக் கலவையில் ஓர் அகலமான மண்தொட்டியில் வைத்து, அந்தத் தொட்டியைப் பாத்திக்குள் விளிம்பு வரை இறக்கினேன். பழைய மண்ணை முடிந்த அளவு வாரிப் போட்டேன். பாத்தியில் தண்ணீர் ஊற்றுவது, வடிவதை அளப்பது, மறுபடி ஊற்றுவது. எண் இறங்க இறங்க அம்மா ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்று கேட்பார். காய்ச்சல் குறைகிறதா என்று கேட்கிற அதே குரலில்.

மரம் மொட்டையாகிவிட்டது. குச்சியும் நான்கைந்து கிழிந்த இலையும்தான். கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருந்தது. அந்தப் பச்சையைச் சொல்லியே அப்பாவிடம் நாட்களை ஓட்டினேன். பச்சை உள்ளே இருந்தால் எனக்கு எப்படித் தெரியும், வெளியே வரச் சொல் என்றார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், தினமும் பிற்பகலில் இடி இடித்து மழை கொட்டிய நாட்களில், கணுக்களில் கடுகு அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அப்பா புதுச் சட்டையோடு வெளியே வந்தபோது ஒரு ஜோடி இலை விரிந்திருந்தது. மடிப்புக்கூட முழுதாகப் பிரியவில்லை. ஓரம் சுத்தமாக இருந்தது. அப்பா குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அம்மா கதவு நிலையில் நின்று, கையில் பிடித்த முறுக்குத் தட்டோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைல்ஸ பின்னாடி ஒட்டிக்கலாம்," என்றார் அப்பா. "அங்கயும் வழுக்குது."

தம்பி, அப்படியானால் என் காரின் கதி என்ன என்று கேட்டான். கீறல் விழுந்தால் அம்மாவை உப்புச் சுற்றச் சொல் என்றேன். அம்மா முறுக்குத் தட்டை என் தலையில் இடிப்பது போல ஓங்கினார்.

இத்தோடு முடிந்துவிட்டது என்றால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் நான் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மரத்துக்குக் குளிர்காலம் வேண்டும். இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் குளிரில் தூங்கி எழுந்தால்தான் அதற்குத் தெம்பு வரும். இங்கே தூங்க நேரமே இல்லை. சூடு தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது. இப்படியே விட்டால் தளிர்த்துத் தளிர்த்தே இரண்டு வருடத்தில் ஓய்ந்துவிடும். இடமும் மண்ணும் சரியாக அமைந்துவிட்டன. நம்மிடம் இல்லாதது குளிர் மட்டும்தான்.

தம்பிதான் முதலில் பிடித்துக்கொண்டான். தினமும் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவில் வண்டி ஓட்டுகிறவன் அவன். அவர்கள் கிடங்கில் ஒரு செடியை வைக்க விடமாட்டார்கள் என்றான். ஆனால் ஸ்கூடாயில் மூடப்போகிற ஒரு மளிகைக் கடையில் குளிர்பானம் வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி சும்மா நிற்கிறது, கேட்டால் தருவார்கள் என்றான். கேட்டான். தந்துவிட்டார்கள். அது இப்போது டைல்ஸ் பெட்டிகள் இருந்த இடத்தில், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

டிசம்பரில் மழை வலுத்ததும் தொட்டியை மேலே தூக்கப் போகிறேன். மிச்சமிருக்கும் இலைகளைக் காம்போடு கிள்ளிவிட்டு, முதலில் ஏர்கான் ஓடும் என் அறையில் கொஞ்ச நாள். பிறகு பெட்டிக்குள், குளிரை ஒவ்வொரு படியாகக் கூட்டி, ஆப்பிள் உறங்கும் குளிர்வரை. வேர் காயாமல் இருக்கப் பாசி சுற்ற வேண்டும். உள்விளக்கைக் கழற்ற வேண்டும். கதவில் மூச்சு விட ஒரு சின்னத் துளை வேண்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பூட்டு வேண்டும், தம்பி பழக்கதோஷத்தில் கோலா தேடித் திறந்துவிடுவான்.

மரம் திரும்பி வரும்வரை பாத்தியில் வெறும் குழிதான் இருக்கும். மரம் இல்லாத மண்ணைப் பார்த்தால் அப்பாவுக்கு மறுபடி டைல்ஸ் ஞாபகம் வந்துவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். நேற்று அவரிடம் அதைக் கேட்டேவிட்டேன். அவர் பின்பக்கம் போய், பழைய கட்டில் பலகை ஒன்றைத் தூக்கி வந்து, தொட்டியின் விளிம்பில் வைத்துக் குழிக்கு அளவு பார்த்தார்.

"தண்ணி தேங்குனா கொசு வந்துரும்," என்றார். "நீ தூக்கு. நான் மூடி வைக்கிறேன்."